பி.காம்.-ஆ, பி.பி.ஏ.-வா? அடைப்புக்குறிக்குள் இருப்பதும் பாடத்தாளில் இருப்பதும்

கும்பகோணத்தில் பாத்திரக் கடை நடத்தும் நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு எடுத்து, வணிகக் கணிதத்துக்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடுகளைப் படித்து, 600-க்கு 487 மதிப்பெண் பெற்றிருக்கிறார். உறவினர் ஒருவர் பி.பி.ஏ. (வணிக நிர்வாகப் பட்டம்) என்கிறார், இன்னொருவர், ‘பி.காம். சி.ஏ. சேர்த்துவிட்டால் ஆடிட்டர் ஆகிவிடலாம்’ என்கிறார். எதில் சேர்ப்பது, என்ன தகுதி கேட்பார்கள், மூன்று ஆண்டுகளும் என்ன படிக்க வேண்டியிருக்கும் என்பவை உங்கள் கேள்விகள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கணக்கியல் கற்பித்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் இரண்டாவது உறவினர் சொன்னதைத் திருத்திவிடுகிறேன். பி.காம். என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் சி.ஏ. என்று போட்டிருந்தால் அதற்குக் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்றுதான் பொருள்; சார்ட்டர்டு அக்கவுண்டன்சி என்று பொருளன்று. ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கை மேசையில் இந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைப்பதிலேயே எனக்குப் பாதி நாள் போயிருக்கிறது. பையன் ஆடிட்டராகப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த தந்தை, முதல் பருவப் பாடப்பட்டியலில் நிரல்மொழியைப் பார்த்துத் திகைத்து நின்றதும் உண்டு. அது நல்ல படிப்பு அன்று என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பாடங்களில் சிலவற்றைக் குறைத்து, அந்த இடத்தில் தரவுத்தளம், நிரலாக்கம், கணினிவழிக் கணக்கு ஆகியவற்றை வைத்திருக்கும் படிப்பு அது, அவ்வளவுதான்.

அடைப்புக்குறிக்குள் வரும் மற்றப் பெயர்களையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொது பி.காம். தவிர கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், வங்கி மேலாண்மை, புரொஃபஷனல் அக்கவுண்டிங், தகவல் முறைமை மேலாண்மை, கூட்டுறவு என்று பல கிளைகள் இருக்கின்றன. இவற்றின் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், செலவுக் கணக்கியல், வணிகச் சட்டம், வருமான வரி ஆகிய நடுத்தண்டு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கிளைக்குக் கிளை மாறுபவை சில தாள்கள் மட்டுமே. கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப்பில் நிறுமச் சட்டமும் செயலர் பணியும் கூடுதலாக இருக்கும். வங்கி மேலாண்மையில் வங்கிச் சட்டமும் கடன் நடைமுறையும் கூடுதலாக இருக்கும். ஆகவே பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவெடுக்காமல், கல்லூரியின் இணையதளத்தில் ஆறு பருவங்களுக்குமான பாடப்பட்டியலை எடுத்து, முதன்மைத் தாள்களில் எத்தனை கணக்குத் தாள்கள், எத்தனை சட்டத் தாள்கள் என்று பென்சிலால் குறித்து எண்ணிப் பாருங்கள்.

சேர்க்கைத் தகுதிக்கு வருகிறேன். பிளஸ் டூ தேர்ச்சி அடிப்படை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல், பி.காம். வகைப் படிப்புகளுக்குப் பிளஸ் டூவில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. வணிகவியல் பிரிவினருக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு, இடம் மிஞ்சினால் மற்றவர்களை அழைக்கும் கல்லூரிகளும் உண்டு. தொழிற்பிரிவில் கணக்கியலும் தணிக்கையும் படித்து வருபவர்களுக்கும் பி.காம். கதவு திறந்தே இருக்கிறது. பி.பி.ஏ.-வில் இந்தக் கட்டுப்பாடு பொதுவாகத் தளர்ந்திருக்கும். அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு மாணவர்களும் வருவார்கள். உங்கள் மகள் இரண்டு பாடங்களையும் படித்தவர் என்பதால் இந்த வகையில் அவருக்குத் தடை எதுவுமில்லை.

ஆனால் 487 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இடம் கிடைக்குமா என்று கணக்குப் போடாதீர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான ஒருங்கிணைந்த இணையவழி விண்ணப்பத்தில், பி.காம்., பி.பி.ஏ. போன்ற படிப்புகளுக்கான தரவரிசை தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டு அமைகிறது. மொழிப் பாடங்கள் இரண்டிலும் 90-க்கு மேல் வாங்கி மொத்தத்தைத் தூக்கியவர் இங்கே பின்தங்குவதையும், மொத்தத்தில் குறைந்தவர் முன்னால் வருவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்த 400-க்கு மகள் வாங்கிய மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, நீங்கள் விரும்பும் கல்லூரியில் சென்ற ஆண்டு உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குக் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நின்றது என்று துறையில் விசாரியுங்கள்; பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். மாநிலத்தின் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள் ஒதுக்கீடான 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1 என்று பிரிவு இருப்பதால், ஒரே வகுப்பின் கடைசி மதிப்பெண் பிரிவுக்குப் பிரிவு வெவ்வேறாக இருக்கும். அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் அந்தந்தக் கல்லூரியில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே கல்லூரியிலேயே காலைப் பிரிவு அரசு உதவியோடும் பிற்பகல் பிரிவு சுயநிதியாகவும் நடப்பது வழக்கம். பட்டம் ஒன்றுதான், கட்டணம் மட்டும் பல மடங்கு மாறும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறிக்கிறோம் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி, வணிகக் கணிதம் படிக்காதது எவ்வளவு பெரிய குறை என்ற உங்கள் கவலை. சேர்க்கையில் அது குறையாகாது. வகுப்பில் முதல் ஆண்டில் சிறிது உறுத்தும். பி.காம். பாடத்திட்டத்தில் வணிகக் கணிதமும் வணிகப் புள்ளியியலும் ஏதாவது ஒரு வடிவில் வந்தே தீரும். கணிதத் தாளில் அணிகள், வட்டிக் கணக்குகள், ஆண்டுத்தொகை, எளிய வகையிடல் ஆகியவையும், புள்ளியியல் தாளில் சராசரிகள், திட்ட விலக்கம், ஒட்டுறவு, குறியீட்டெண்கள், காலத்தொடர் வரிசை ஆகியவையும் இருக்கும். இவற்றில் வகையிடலைத் தவிர்த்த மற்ற எதற்கும் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு மேல் பெரிய அடித்தளம் தேவைப்படாது, தேவைப்படுவது பயிற்சி. கணிதம் வேண்டாம் என்று பி.பி.ஏ.-வுக்கு ஓடுபவர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே புள்ளியியலும் உண்டு; அதோடு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற பெயரில் நேரியல் திட்டமிடல், போக்குவரத்துக் கணக்கு, பணி ஒதுக்கீட்டுக் கணக்கு, வலையமைப்புப் பகுப்பாய்வு என்று ஒரு முழுத் தாளும் பல இடங்களில் காத்திருக்கிறது. பி.காம்.-இல் கணிதத்தைக் கண்டு அஞ்சியவர் பி.பி.ஏ.-வில் அந்தத் தாளை அரியர் வைத்துக்கொண்டு கடைசிப் பருவம் வரை சுமந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையான வேறுபாடு கணக்கியலின் அளவில் இருக்கிறது. பி.காம். மாணவர் முதல் பருவத்தில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் என்று பள்ளியில் படித்ததையே விரைவாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, கிளைக் கணக்குகள், துறைவாரிக் கணக்குகள், வாடகைக் கொள்முதல் கணக்குகளுக்குப் போவார். அடுத்துக் கூட்டாண்மை வரும். கூட்டாளி சேர்ப்பு, விலகல், இறப்பு ஆகியவை பள்ளியிலேயே அறிமுகமானவை. கூட்டாண்மைக் கலைப்பு புதிது. நொடித்துப்போன கூட்டாளியின் பற்றாக்குறையை மற்றவர்கள் எந்த விகிதத்தில் ஏற்க வேண்டும் என்பதற்கு, 1904-இல் இங்கிலாந்தில் கார்னருக்கும் முர்ரேவுக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பை இன்றும் நம் ஊர்ப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். (இலாப நட்ட விகிதத்தில் அன்று, மூலதன விகிதத்தில், தேர்வில் மாணவர்கள் இதைத் தவறவிடாத ஆண்டே கிடையாது.) பிறகு நிறுமக் கணக்கியலில் பங்கு வெளியீடு, பங்கு பறிமுதல், இணைப்பு, கலைப்பு, செலவுக் கணக்கியலில் மூலப்பொருள், கூலி, மேற்செலவு, செயல்முறைச் செலவியல், மேலாண்மைக் கணக்கியலில் விகிதப் பகுப்பாய்வு, ரொக்க ஓட்ட அறிக்கை, இறுதிநிலைச் செலவியல், வரவு செலவுத் திட்டக் கட்டுப்பாடு என்று ஆறு பருவங்களும் கணக்கு விடாது. இவற்றுக்கு இணையாக 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டம், தணிக்கை, வங்கியியல், ஜி.எஸ்.டி., வருமான வரி ஆகியவை வரும்.

வருமான வரித் தாளைப் பற்றித் தனியாக ஒரு சொல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாடமாக இருந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்டு 2025-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் வந்திருக்கிறது. முந்தைய ஆண்டு, கணிப்பாண்டு என்று இரண்டு ஆண்டுகளை வைத்து மாணவர்களைக் குழப்பிய சொற்கள் போய், வரி ஆண்டு என்ற ஒரே சொல் வந்துவிட்டது. பிரிவு எண்களும் மாறிவிட்டன. எனவே அக்காவின் பழைய வருமான வரிப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் தலைமுறைக்கு உதவாது. மற்றக் கணக்குப் புத்தகங்கள் பழையவையானாலும் பாதகமில்லை.

பி.பி.ஏ.-வில் நிதிக் கணக்கியல் ஒன்று, செலவும் மேலாண்மைக் கணக்கும் சேர்ந்து ஒன்று அல்லது இரண்டு, நிதி மேலாண்மை ஒன்று என்ற அளவில் கணக்கு நின்றுவிடும். மிச்ச இடத்தை மேலாண்மைக் கோட்பாடுகள், நிறுவன நடத்தையியல், சந்தையியல், மனிதவள மேலாண்மை, உற்பத்தி மேலாண்மை, வணிகத் தொடர்பியல், தொழில்முனைவு ஆகியவை நிரப்பும்; கடைசிப் பருவத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போய் ஆய்வு செய்து திட்ட அறிக்கை எழுதி, வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டியிருக்கும். இவை எளிய பாடங்கள் என்று பெயர் எடுத்தவை. ஆசிரியர் நல்லவராக இருந்து, உண்மையான நிறுவனங்களின் நிகழ்வுகளை வைத்து விவாதித்தால் எளிமையானவை அல்ல. புத்தகத்தில் உள்ள பத்துக் கோட்பாடுகளை ஒப்பித்து எழுதினால் போதும் என்று நடத்தினால் மூன்று ஆண்டுகளும் வீண். ஆக, பி.காம்.-ஐவிடப் பி.பி.ஏ.-வில்தான் கல்லூரியின் தரம் அதிகமாகப் படிப்பைத் தீர்மானிக்கிறது. சுமாரான கல்லூரியிலும் பேரேட்டுக் கணக்கு பேரேட்டுக் கணக்காகத்தான் இருக்கும். சுமாரான கல்லூரியில் நடத்தும் சந்தையியல் வகுப்பில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

பி.பி.ஏ. பற்றி நீங்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ., பி.எம்.எஸ். (மேலாண்மை இளநிலைப் படிப்பு), பி.சி.ஏ. ஆகியவை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. பி.காம். அந்த வரம்புக்குள் இல்லை. பி.பி.ஏ. நடத்தும் கல்லூரியிடம் நடப்பு ஆண்டுக்கான அந்த அனுமதி இருக்கிறதா, பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்ற இரண்டையும் சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகள் என்ற வகையில், மாநிலப் பல்கலைக்கழகங்களில் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இடங்களில் ஆறு பருவங்களுக்கும் சேர்த்து 140 மதிப்புப்புள்ளிகள் (கிரெடிட்) பெற வேண்டும். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி; பகுதி இரண்டு ஆங்கிலம்; பகுதி மூன்றுதான் முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும் விருப்பப் பாடங்களும்; பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் மேம்பாட்டுத் தாள்கள்; பகுதி ஐந்தில் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை போன்ற விரிவாக்கப் பணிகள். முன்பெல்லாம் வணிகவியல் மாணவர்கள் ஓராண்டோடு தமிழை முடித்துவிடலாம் என்ற நிலை பல பல்கலைக்கழகங்களில் இருந்தது. இப்போது மற்ற பட்டப்படிப்புகளைப் போலவே இரண்டாம் ஆண்டிலும் தமிழ் உண்டு. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன.

மதிப்பீட்டில் அகமதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என்ற பிரிவு பரவலாக இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் 40-க்கு 60, 50-க்கு 50 என்றும் வைத்துக்கொள்கின்றன. தேர்ச்சிக்கு 40 விழுக்காடு. இதில் பிள்ளைகள் சறுக்குவது ஓரிடத்தில். அகமதிப்பீட்டில் 25-க்கு 22 வாங்கிவிட்டோம், தேர்வில் 18 வாங்கினால் மொத்தம் 40 ஆகிவிடும் என்று நினைப்பார்கள். ஆனால் தேர்வுத் தாளிலும் தனியாக 40 விழுக்காடு, அதாவது 75-க்கு 30 எடுக்க வேண்டும் என்ற விதி பல்கலைக்கழகங்களில் பொதுவானது. வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும். அதற்குச் சற்றுக் குறைந்தால் மருத்துவச் சான்றும் கட்டணமும் செலுத்தித் தேர்வெழுத அனுமதி பெறலாம், மிகவும் குறைந்தால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க நேரும். உங்கள் மகள் கடைக்கு உதவியாகத் திருவிழாக் காலத்தில் வகுப்பை விட்டுவிடுவாரானால், இந்தக் கணக்கை நீங்களும் சேர்ந்தே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆடிட்டர் ஆவது பற்றிய பேச்சு வந்துவிட்டதால் அந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். சார்ட்டர்டு அக்கவுண்டன்சியை நடத்துவது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பட்டயக் கணக்கறிஞர்கள் கழகம். எந்தக் கல்லூரியும் அன்று. பிளஸ் டூ முடித்தவர் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். மூன்றாம் தாளில் வணிகக் கணிதம், தருக்கம், புள்ளியியல் மூன்றும் கொள்குறி வினாக்களாக வரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். வணிகக் கணிதம் படிக்காதவருக்கு நிஜமாகவே வலிக்கும் இடம் இதுதான், பி.காம். முதல் ஆண்டு அன்று. ஃபவுண்டேஷன் எழுதாமலே போகும் வழியும் ஒன்று உண்டு. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவரும், வேறு பட்டத்தில் 60 விழுக்காடு பெற்றவரும் நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் நடைமுறைப் பயிற்சி மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு ஃபவுண்டேஷன் எழுதி, ஒரு வாய்ப்பிலோ இரண்டு வாய்ப்பிலோ தேறாவிட்டால் மனம் உடையாமல் பி.காம்.-ஐ ஒழுங்காக முடித்து 55-க்கு மேல் வாங்கி நேரடி வழியில் வருவது நான் பல மாணவர்களுக்குச் சொன்ன யோசனை. கல்லூரியும் ஃபவுண்டேஷன் பயிற்சி வகுப்பும் கணினி வகுப்பும் என்று மூன்றையும் முதல் ஆண்டிலேயே பிள்ளையின் தலையில் ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

எம்.பி.ஏ.-வுக்கு அடித்தளம் பி.பி.ஏ.தான் என்பது முதல் உறவினரின் வாதமாக இருக்கும். எம்.பி.ஏ.-வுக்கு எந்தப் பட்டமும் போதும். ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் சேர எழுதும் கேட் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காட்டுடன் ஏதாவதொரு பட்டம் என்பதே நிபந்தனை. பி.பி.ஏ.-வில் படித்த மேலாண்மைக் கோட்பாடுகளையும் சந்தையியலையும் எம்.பி.ஏ. முதலாண்டில் அப்படியே மீண்டும் படிப்பார்கள். எம்.பி.ஏ. உறுதி என்றால் இளநிலையில் வேறொன்றைப் படித்துவிட்டுப் போவதே இலாபம் என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத சக ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில், பி.பி.ஏ. முடித்தவரை எம்.காம்.-இல் சேர்ப்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பள்ளியில் முதுநிலை வணிகவியல் ஆசிரியராக வர வேண்டும் என்ற எண்ணம் மகளுக்கு இருந்தால், பி.காம்., எம்.காம்., பி.எட். என்ற நேர்வழியைவிட்டு விலகாதிருப்பது நல்லது.

அரசுத் தேர்வு எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-இல் திருத்தப்பட்டது. இப்போது பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் படித்தால் போதாது. பள்ளிப்படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். உங்கள் மகள் தொடக்கத்திலிருந்தே தமிழ்வழியில் படித்தவரானால், தமிழ்வழி பி.காம். நடக்கும் அரசுக் கல்லூரியில் சேர்ப்பது அந்த உரிமையைக் காப்பாற்றும். ஆங்கிலவழியில் சேர்த்தால் பட்ட அளவிலான பணிகளுக்கு அது கைநழுவிவிடும். மறுபுறம், தனியார் தணிக்கை அலுவலகத்தில் பற்று, வரவு என்று யாரும் சொல்வதில்லை, டெபிட், கிரெடிட்தான். எனவே தமிழ்வழியில் படிப்பவரும் ஆங்கிலக் கலைச்சொற்களைப் பக்கத்திலேயே எழுதிப் பழக வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது பின்னர் விரிவாக்கப்பட்டது.

வெளிமாநில வாய்ப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் இரண்டு வரி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.காம். ஆனர்ஸ் சேர்க்கை 2022 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணால் அன்று, கியூட் எனப்படும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வால் நடக்கிறது, அங்கே பி.எம்.எஸ். படிப்புக்குக் கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதத்தில் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்பதால், உங்கள் மகளுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. ஐ.ஐ.எம். இந்தூர் 2011-இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பின் நுழைவுத் தேர்விலும் பாதி கணிதம்தான். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மற்ற மாநிலங்களில் வந்திருக்கும் நான்காண்டு ஆனர்ஸ் பட்டம், நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை.

இப்போது என் முடிவு. மகளுக்கு எது பொருந்தும் என்று அறிய உங்கள் கடையிலேயே வழி இருக்கிறது. ஒரு மாதத்தின் விற்பனைச் சீட்டுகளையும் கொள்முதல் ரசீதுகளையும் கொடுத்து, பள்ளியில் படித்தபடி குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் எடுத்தெழுதி, இருப்பாய்வு தயாரிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் நிச்சயம் ஒத்துப்போகாது. முதல் முறை எனக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த வித்தியாசத்தைத் தேடிச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தால் பொது பி.காம். அல்லது அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் கிளையில் தயங்காமல் சேருங்கள். அதை மூடிவைத்துவிட்டு, ‘அப்பா, இந்தப் பித்தளை விளக்கு ஏன் மூன்று மாதமாக விற்கவில்லை’ என்று கேட்டால், நல்ல கல்லூரி கிடைக்கும் பட்சத்தில் பி.பி.ஏ.-வும் தவறான தேர்வன்று. கணினிப் பயன்பாடுகளில் மதிப்பெண் கூடுதலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக பி.காம். (சி.ஏ.)-வைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், நிரல் எழுதுவதில் அவருக்கே விருப்பம் இருந்தால் மட்டும் அதைப் பாருங்கள்.

கும்பகோணத்திலேயே ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனியே நெடுங்காலமாக நடந்துவரும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளுக்குத் தனியாக விண்ணப்பித்துவிட்டு, உள்ளூர் அரசுக் கல்லூரியை முதல் விருப்பமாக வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் செலவு முடிந்துவிடும், மிச்சப் பணத்தைப் பின்னால் சி.ஏ. பயிற்சிக்கோ எம்.பி.ஏ.-வுக்கோ வைத்துக்கொள்ளலாம். கலந்தாய்வு அன்று பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலோடு ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல்களும் எடுத்துச் செல்லுங்கள். அசலைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டால் திரும்ப வாங்க நாளாகும்; ஃபவுண்டேஷன் பதிவுக்கும் உதவித்தொகைக்கும் அந்த நகல்கள்தாம் கைகொடுக்கும்.